மெல்லிய கடிகாரத்துக்கு நடந்த பெரிய போட்டி

சென்ற மாதம் ஒரு மாலை கிளப் ஹவுஸில் பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தில் வந்து நின்றது. சி பிளாக் இளைஞர் ஒருவர் விமான நிலையக் கடையில் ஒரு சுவிஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "அங்கிள், இரண்டே இரண்டு முள். தேதி கிடையாது. தினமும் சாவி வேறு கொடுக்கணுமாம். விலை மட்டும் ஒரு கார் விலை. என் கையில இருக்கிறது நடை, தூக்கம், இதயத் துடிப்பு எல்லாம் சொல்லுது. அதுல அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கிறதெல்லாம் உள்ளேதான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்து எல்லோரும் எழுந்துவிட்டோம். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு காலத்தில் எனக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. தெரியாததால் ஒரு தவறும் நடந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

லாக்கரில் இருந்த கடிகாரம்

1980களின் கடைசியில் நான் குமாஸ்தாவாக இருந்த வங்கிக் கிளையில் லாக்கர் பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. ஜவுளி வியாபாரம் செய்த பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை தவறாமல் வருவார். லாக்கர் அறைக்குள் போய்விட்டு, கையில் ஒரு தங்கக் கடிகாரத்தோடு வெளியே வந்து என் மேஜை அருகே நிற்பார். "தம்பி, உங்க சுவர்க் கடிகாரம் சரியாத்தானே ஓடுது?" என்று கேட்டு முள்ளைத் திருத்துவார். நிதானமாகச் சாவி கொடுப்பார். காதருகே வைத்துக் கேட்பார். பிறகு மறுபடியும் உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டிவிடுவார். ஓடாமலே கிடந்தால் உள்ளே எண்ணெய் இறுகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம்.

அவ்வளவு மெல்லிய கடிகாரத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வெள்ளை டயல், இரண்டு முள், 12-க்குக் கீழே சிறிய சிலுவை போன்ற ஒரு குறி. "விநாடி முள் இல்லையே சார்?" என்று ஒருநாள் கேட்டேன். "விநாடி பார்த்து ஓடுறவனுக்கு இது எதுக்குத் தம்பி?" என்று சிரித்தார்.

சில ஆண்டுகளில் அவர் காலமானார். வாரிசுகள் முன்னிலையில் லாக்கரைத் திறந்து பட்டியல் எடுத்தோம். வங்கிப் பட்டியலில் 'தங்கம்' என்று எழுதக் கூடாது என்பது விதி. தங்கம்தானா என்று சோதிப்பது எங்கள் வேலை அல்ல. ஆகவே 'மஞ்சள் நிற உலோகக் கைக்கடிகாரம் – 1' என்று என் கையால் எழுதினேன். சில மாதம் கழித்து அவருடைய மகன் டெபாசிட் போட வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த வாட்சை ஆசாரிகிட்ட கொடுத்து உருக்கி, பாப்பாவுக்கு வளையல் பண்ணிட்டோம் சார். உள்ளே இருந்த மெஷினுக்கு எடை மதிப்பு இல்லைன்னுட்டார்." நியாயம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய கடிகாரங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அந்தச் சிலுவைக் குறி எந்த வீட்டு முத்திரை என்று தெரிந்தது. அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

சட்டைக் கைக்குள் ஒளிகிற கடிகாரம்

ஆங்கிலத்தில் டிரெஸ் வாட்ச் என்பார்கள். விருந்துக்கும் விசேஷத்துக்கும் கோட்டுச் சூட்டோடு கட்டிக்கொள்கிற கடிகாரம் அது. சட்டையின் கைப்பட்டைக்குள் உராயாமல் ஒளிந்துகொள்ள வேண்டும். நேரம் பார்க்கும்போது மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட வேண்டும். அதனால் மெலிவு அதன் முதல் இலக்கணம். விநாடி முள், தேதி, கிழமை என்று எதைச் சேர்த்தாலும் உள்ளே ஒரு சக்கரம் கூடும். சக்கரம் கூடினால் கனமும் கூடும்.

இந்த வகைக்கு இன்றுவரை அளவுகோலாகச் சொல்லப்படுவது ஜெனீவாவின் பட்டேக் பிலிப் நிறுவனம் 1932-ல் வெளியிட்ட 96-ஆம் எண் மாடல். பின்னாளில் கலாட்ராவா என்று பெயர் பெற்றது. வட்ட வடிவம், சுமார் 31 மில்லிமீட்டர் குறுக்களவு, அலங்காரமில்லாத டயல். உலகப் பொருளாதார மந்தத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தை அதே ஆண்டில்தான் ஸ்டெர்ன் சகோதரர்கள் வாங்கினார்கள். அவர்கள் யாரென்றால், அந்த நிறுவனத்துக்கு டயல் செய்து கொடுத்துவந்தவர்கள். சரக்கு கொடுத்தவரே கடையை வாங்கிய கதை. இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

உயர்ரகச் சுவிஸ் கடிகாரம் என்றால் மூன்று பெயர்களைச் சேர்த்தே சொல்வது வழக்கம். 1755-ல் ஜெனீவாவில் தொடங்கிய வாஷரோன் கான்ஸ்டன்டின் மூத்தது. 1839-ல் போலந்திலிருந்து வந்து குடியேறிய அன்டோனி பட்டேக் தொடங்கியது அடுத்தது. 1875-ல் மலைக் கிராமமான லெ பிராஸுவில் இரண்டு இளைஞர்கள் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய ஓடமார் பிகே மூன்றாவது. மூவருக்கும் ஒரே வகை வாடிக்கையாளர்கள்தான். ஒருவர் ஒரு அங்குலம் முன்னே போனால் மற்ற இருவருக்கும் பொறுக்காது. இவர்களுடைய போட்டியில் அங்குலமெல்லாம் பெரிய அளவு; மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை.

அந்த மெலிவு எவ்வளவு என்று புரிய ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஏ.டி.எம். கார்டின் கனம் 0.76 மி.மீ. இரண்டு கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் 1.52 மி.மீ. 1946-ல் ஓடமார் பிகே வெளியிட்ட கைக்கடிகார இயந்திரத்தின் கனம் 1.64 மி.மீ. ஸ்பிரிங், பல்சக்கரங்கள், மாணிக்கக் கற்கள், இப்படியும் அப்படியும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் எல்லாமே இரண்டு கார்டு கனத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். 1955-ல், தன் 200-ஆம் ஆண்டு விழாவின்போது, வாஷரோனும் ஒரு மெல்லிய இயந்திரத்தை வெளியிட்டது. அதன் கனமும் 1.64 மி.மீ.

இரண்டு போட்டியாளர்கள், ஒன்பது ஆண்டு இடைவெளி, அதே 1.64. கணக்குப் பார்த்தே பழகியவனுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வர வேண்டும். எனக்கும் வந்தது.

கடிகாரக்காரர்களின் கிளியரிங் ஹவுஸ்

விடை சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைத்தொடரில், வாலே டி ஜூ என்ற பள்ளத்தாக்கில் இருக்கிறது. கடல்மட்டத்துக்குச் சுமார் 1,000 மீட்டர் மேலே உள்ள இடம். நீண்ட பனிக்காலத்தில் வயல்வேலை இருக்காது. ஜன்னலோரம் உட்கார்ந்து கடிகார உறுப்புகளைச் செய்து பழகிய விவசாயக் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் அவை. அங்கே லெ சாந்தியே என்ற ஊரில் 1833-ல் அன்டுவான் லெகூல்டர் ஒரு பட்டறை தொடங்கினார். 1844-ல் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவியை அவர் செய்தார். அளக்க முடிந்தால்தானே மெலியச் செய்ய முடியும்?

1903-ல் பாரிஸைச் சேர்ந்த எட்மண்ட் ஜேகர் என்பவர், தான் வடிவமைத்த மிக மெல்லிய இயந்திரங்களைச் சுவிஸ்காரர்களால் செய்ய முடியுமா என்று சவால் விட்டார். லெகூல்டரின் பேரன் ஜாக்-டேவிட் அதை ஏற்றுக்கொண்டார். 1907-ல் அவர்கள் செய்த சட்டைப்பை கடிகார இயந்திரத்தின் கனம் 1.38 மி.மீ. இந்த நட்புதான் பின்னால் 1937-ல் ஜேகர் லெகூல்டர் என்ற பெயரானது.

அந்தப் பட்டறையின் பெரிய வருமானம் வேறு இடத்திலிருந்து வந்தது. மற்றவர்களுக்கு இயந்திரம் செய்து கொடுப்பதுதான் அது. 1902 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் பட்டேக் பிலிப்பின் அடிப்படை இயந்திரங்களில் பெரும்பகுதி அங்கிருந்தே போனது. வாஷரோனும் ஓடமார் பிகேயும் தனித்தனியாகப் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த 1.64 மி.மீ. இயந்திரம் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. இரண்டும் லெகூல்டர் வீட்டுப் பிள்ளைகள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கிளியரிங் ஹவுஸ் ஞாபகம் வந்தது. இரண்டு ஆண்டுகள் நான் தினமும் காசோலைக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போயிருக்கிறேன். மார்ச் மாதம் வந்தால் டெபாசிட் பிடிப்பதற்காக ஒரே தெருவில் எட்டு வங்கிகள் ஒன்றையொன்று முந்தும். அதே எட்டு வங்கிகளின் குமாஸ்தாக்கள் காலையில் ஒரே கூடத்தில் உட்கார்ந்து காசோலைகளை மாற்றிக்கொண்டு, கணக்கு ஒத்துப்போனதும் சேர்ந்து காபி குடிப்போம். அந்தக் கூடம் ஒருநாள் மூடினால் எந்த வங்கிக்கும் வேலை ஓடாது. வாலே டி ஜூவும் அப்படிப்பட்ட ஒரு கூடம்தான்.

அப்படியானால் எல்லாம் ஒரே சரக்கா, பெயருக்குத்தான் விலையா என்று கேட்கலாம். அதுவும் சரியில்லை. ஒரே மில்லில் அரைத்த மாவுதான். எல்லா வீட்டு இட்லியும் ஒரே மாதிரியா வருகிறது? லெகூல்டர் கொடுத்தது பெரும்பாலும் முடிக்கப்படாத இயந்திரம். வாங்கிய நிறுவனம் ஒவ்வொரு தகட்டின் விளிம்பையும் சரித்து மெருகேற்றும்; சில உறுப்புகளை மாற்றும்; பல நிலைகளில் வைத்து நேரத்தைச் சரிபார்க்கும். இவ்வளவு மெல்லிய இயந்திரத்தில் ஒரு திருகைக் கொஞ்சம் அதிகமாக முறுக்கினாலே தகடு வளைந்து ஏதாவது ஒரு சக்கரம் உரசும். போட்டி நடந்தது அந்தக் கைவேலையில்தான்.

பின்னணியில் இருந்த ஒருவர் முன்னே வந்ததும் உண்டு. லா கோட்-ஓ-ஃபே என்ற மலைக் கிராமத்தில் 1874-ல் தொடங்கிய பியாஜே, வெகுகாலம் மற்றவர்களுக்கு இயந்திரம் செய்து கொடுத்தே பிழைத்தது. 1943-ல்தான் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டது. 1957-ல் 2 மி.மீ. கனத்தில் சாவி கொடுக்கும் இயந்திரம் ஒன்றையும், 1960-ல் கையசைவிலேயே தானாகச் சாவி ஏறும் இயந்திரம் ஒன்றை 2.3 மி.மீ. கனத்திலும் வெளியிட்டது. தானியங்கி வகையில் அப்போது உலகிலேயே அதுதான் மெல்லியது.

பழைய மூவரும் சும்மா இருக்கவில்லை. 1967-ல் லெகூல்டர் பட்டறையிலிருந்து, முழு அளவுச் சுழல் எடை கொண்ட தானியங்கி இயந்திரம் ஒன்று வந்தது. கனம் 2.45 மி.மீ. அதை ஓடமார் பிகே, பட்டேக், வாஷரோன் மூன்றுமே தத்தம் எண் போட்டுப் பயன்படுத்தின. செய்து கொடுத்த லெகூல்டர் மட்டும் தன் பெயர் போட்ட ஒரு கடிகாரத்தில்கூட அதை வைத்துக்கொள்ளவில்லை. சமைத்தவருக்கு மட்டும் இலை போடாத பந்தி!

போட்டியின் விதி மாறிய நாள்

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் சீகோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 4,50,000 யென். மாதத்துக்கு ஐந்து விநாடிக்கு மேல் பிசகாது என்றார்கள். நல்ல சுவிஸ் கடிகாரம்கூட ஒரே நாளில் அவ்வளவு பிசகும். விரைவில் குவார்ட்ஸ் விலை சரிந்தது. 1970-ல் சுமார் 90,000 பேருக்கு வேலை கொடுத்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேரே மிஞ்சினார்கள். வங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது எங்கள் கிளையில் இருந்த பதற்றம் எனக்கு நினைவிருக்கிறது. அங்கே பள்ளத்தாக்குகளே காலியாயின.

மெலிவிலும் ஜப்பான் முந்தியது. மானத்தைக் காப்பாற்றச் சுவிஸ்காரர்கள் 1979 ஜனவரியில் டெலிரியம் என்ற குவார்ட்ஸ் கடிகாரத்தை வெளியிட்டார்கள். முழுக் கடிகாரமும் சேர்த்தே 1.98 மி.மீ. பின்மூடியையே இயந்திரத்தின் அடித்தகடாக ஆக்கியதுதான் அதன் தந்திரம். அந்த யோசனையையே எடுத்துப் பிளாஸ்டிக்கில் போட்டு, 51 உறுப்புகளில் முடித்து, 1983-ல் மலிவான ஸ்வாட்ச் கடிகாரத்தைக் கொண்டுவந்தார்கள். ஆடம்பரத்துக்குச் செய்த ஆராய்ச்சி கடைசியில் சாதாரண மக்களின் கடிகாரத்தில் போய்ச் சேர்ந்து தொழிலுக்கு மறுபடி மூச்சு கொடுத்தது.

நம் பக்கமும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. 2002-ல் ஓசூர்த் தொழிற்சாலையின் டைட்டன் நிறுவனம் எட்ஜ் என்ற கடிகாரத்தை வெளியிட்டது. 1.15 மி.மீ. குவார்ட்ஸ் இயந்திரம், முழுக் கடிகாரம் 3.5 மி.மீ. ஒன்றரை ஏ.டி.எம். கார்டு கனத்தில் இயந்திரத்தை நம் ஊரிலேயே செய்துவிட்டார்கள்.

சாவி கொடுக்கும் கடிகாரத்தை நம்பியிருந்த அந்த மூன்று வீடுகள் என்ன செய்தன? ஓடமார் பிகே 1972-ல் ராயல் ஓக் என்ற எஃகுக் கடிகாரத்தை வெளியிட்டு, பல தங்கக் கடிகாரங்களைவிட அதிக விலை வைத்தது. ஜெரால்டு ஜென்டா வரைந்த வடிவம் அது. 1976-ல் அதே ஜென்டா பட்டேக் பிலிப்புக்கு நாட்டிலஸ் வரைந்து கொடுத்தார். 1977-ல் வாஷரோன் 222 என்ற மாடலோடு வந்தது. வெளியே ஒருவருக்கொருவர் சவால். உள்ளே மூன்றிலும் ஓடியது, லெகூல்டர் பட்டறையில் பிறந்த அந்த 1967-ஆம் ஆண்டு இயந்திரம்தான். விருந்துக் கடிகாரத்துக்காகப் பாடுபட்டு மெலித்த இயந்திரம், எஃகுக் கடிகாரத்துக்குள் புகுந்து மூன்று வீடுகளையும் தாங்கியது.

எனக்கு இதைவிடப் பிடித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. நெருக்கடியின் நடுவே, ஓடமார் பிகேயின் கடிகாரக் கலைஞர்கள் மூன்று பேர் வேலை நேரம் போக மீதி நேரத்தில், நிர்வாகத்துக்குச் சொல்லாமல், அதே இயந்திரத்தின்மேல் ஒரு நாட்காட்டி அமைப்பைப் பொருத்திப் பார்த்தார்கள். 30, 31, லீப் ஆண்டு எல்லாம் தானே கணக்குப் பார்த்து 2100 வரை தேதி தவறாத அமைப்பு அது. எல்லாம் சேர்த்து 3.95 மி.மீ. மேலதிகாரியிடம் காட்டினார்கள். ஊரெல்லாம் பட்டறைகளை மூடிக்கொண்டிருந்தபோது, அவர் 159 இயந்திரங்கள் செய்யச் சொன்னார். 1978-ல் அது கடிகாரமாக வெளிவந்தது. பட்டறையில் விளக்கு எரிய அதுவும் ஒரு காரணம்.

இன்றைய ஓட்டப்பந்தயம்

பின்னர் கூட்டுக் குடும்பம் பிரிந்தது. வாஷரோன் 1996-ல் ரிச்மோன்ட் குழுமத்துக்குப் போனது. 2000-ல் லெகூல்டரும் அதே குழுமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டேக் தன் இயந்திரத்தைத் தானே செய்துகொள்ளும் பாதையில் போனது. ஓடமார் பிகே அந்தப் பழைய இயந்திரத்தைத் தானே செய்துகொண்டு, ராயல் ஓக்கின் ஐம்பதாம் ஆண்டான 2022-ல்தான் புதியதற்கு மாறியது.

மெலிவுப் பந்தயத்தில் இப்போது ஓடுபவர்கள் வேறு. பியாஜே 2018-ல் முழுக் கடிகாரத்தையே 2 மி.மீ.க்குக் கொண்டுவந்தது. 1957-ல் இயந்திரம் மட்டுமே அந்தக் கனம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் இத்தாலிய நகை வீடான புல்காரி 1.80, நான்கே மாதத்தில் ரிஷார் மில் 1.75, 2024-ல் மறுபடி புல்காரி 1.70, அதே ஆண்டில் ரஷ்யக் கலைஞர் கான்ஸ்டன்டின் சைகின் 1.65.

வியக்கத்தக்க வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் சிலவற்றுக்குச் சாவி கொடுக்கவே தனிக் கருவி வேண்டும். முதலிடம் நான்கு மாதத்தில் கைமாறுகிறது. 1957-ஆம் ஆண்டுப் பியாஜேயையும் 1955-ஆம் ஆண்டு வாஷரோனையும் வேலை தெரிந்த ஒருவர் இன்றைக்கும் திறந்து, துடைத்து, எண்ணெயிட்டு ஓடவைக்கலாம். மெலிவை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அந்தக் காலத்துக் கலைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. தனக்குப் பின்னால் வேறொருவர் இதைத் திறப்பார் என்று நினைத்துச் செய்தவர்கள் அவர்கள்.

சி பிளாக் தம்பிக்கு என் பதில் இதுதான். உங்கள் கையில் இருப்பது உங்களைப் பற்றி நிறையச் சொல்கிறது, நல்ல பொருள்தான். ஆனால் பேட்டரியும் சாஃப்ட்வேரும் ஓய்ந்த பிறகு, உங்கள் பேரன் அதைத் திறந்து சரிசெய்ய முடியாது. அந்த இரண்டு முள் கடிகாரத்தைச் சரிசெய்ய முடியும். விலையில் பாதி வீண் பகட்டு என்றே வைத்துக்கொண்டாலும், மீதிப் பாதி அதற்குத்தான்.

நம் குடியிருப்பில் பலர் வீட்டில் தாத்தாவின் கடிகாரம், மாமனாரின் கடிகாரம் என்று ஏதாவது ஒன்று பீரோவில் கிடக்கும். அது சுவிஸ் கடிகாரமாக இருக்க வேண்டியதில்லை. என் முதல் சம்பளத்தில் வாங்கிய ஹெச்.எம்.டி. ஜனதா இன்னும் ஓடுகிறது. தயவுசெய்து நேரே தராசுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் ஒரு நல்ல கடிகார ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துப் பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, செல்போனில் படமும் எடுத்து வையுங்கள். விற்பதா, உருக்குவதா, மகனுக்குக் கொடுப்பதா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.

12-க்குக் கீழே இருந்த அந்தக் குறி, வாஷரோன் கான்ஸ்டன்டினின் மால்டீஸ் சிலுவை. உள்ளே இருந்தது அந்த 1.64 மி.மீ. இயந்திரம்தானா, வேறொன்றா என்று இனி யாரும் சொல்ல முடியாது. யாரும் திறந்து பார்க்கவில்லை. பட்டியலில் 'மஞ்சள் நிற உலோகம்' என்று எழுதியவன் நான்தான்.